ஒரே கேம் லைப்ரரி, இரண்டு ஓஎஸ்: விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஸ்டீம் கேம்களைப் பொதுவாக வைப்பது எப்படி

பால்டர்ஸ் கேட் 3 மட்டும் 150 ஜிபி கேட்கிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் அதே 150. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு ஓஎஸ்ஸும், அதாவது இயங்குதளமும், வைத்துக்கொண்டு இந்த இரண்டு கேமையும் இரண்டு பக்கமும் தனித்தனியாக இறக்கினால் 600 ஜிபி போய்விடும், 1 டிபி எஸ்எஸ்டியில் பாதிக்கு மேல் அதிலேயே காலி, அப்புறம் வருகிற ஒவ்வொரு அப்டேட்டையும் இரண்டு முறை இறக்க வேண்டும். மாத டேட்டாவுக்கு வரம்பு உள்ள இணைப்பில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்லவே வேண்டாம். இதற்கு அவசியமே இல்லை. ஒரு முறை இறக்கிய கேமை இரண்டு ஓஎஸ்ஸிலிருந்தும் ஓட்டலாம், ஒழுங்காகச் செய்தால் வருடக்கணக்கில் சிக்கல் இல்லாமல் ஓடும்.

இது ஏன் முடிகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும். ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ப்ரோட்டான் என்ற கருவியை லினக்ஸ் ஸ்டீமுக்குள் சேர்த்தது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட வைக்கும் வைன், அதோடு விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸ் அழைப்புகளை லினக்ஸில் ஓடும் வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. ப்ரோட்டான் ஓட்டுவது விண்டோஸுக்கென்று வந்த அதே எக்ஸி கோப்பைத்தான், லினக்ஸுக்கென்று வேறு பிரதி தேவையில்லை. ஆகவே விண்டோஸில் இறக்கி வைத்த ஃபோல்டரையே லினக்ஸ் ஸ்டீமிடம் காட்டினால் போதும்.

ஆனால் ப்ரோட்டான் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய்யான விண்டோஸ் சி டிரைவை உருவாக்கி, ரெஜிஸ்ட்ரி, யூசர் ஃபோல்டர், சேவ் ஃபைல் எல்லாவற்றையும் அதற்குள் போடுகிறது. இதற்கு ப்ரிஃபிக்ஸ் என்று பெயர். பொது டிரைவில் இருக்க வேண்டியது கேம் கோப்புகள் மட்டும்தான், ப்ரிஃபிக்ஸ் ஒருபோதும் அங்கே போகக் கூடாது. லினக்ஸிலிருந்து விளையாடி விண்டோஸ் டிரைவே கெட்டுப்போய்விட்டது என்று பலரும் புலம்புவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த ப்ரிஃபிக்ஸ் அங்கே போய் உட்கார்ந்ததுதான்.

டிரைவ் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்

என்டிஎஃப்எஸ். விண்டோஸ் நேரடியாகப் படித்து எழுதுகிற வடிவங்களில் லினக்ஸிலும் சிம்பாலிக் லிங்க், அதாவது வேறொரு இடத்தில் உள்ள ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி, வைக்க முடிகிறது இதில்தான். எக்ஸ்ஃபேட் இரண்டு பக்கமும் தெரியும், பென் டிரைவுக்கு அருமை, ஆனால் அதில் சிம்பாலிக் லிங்க்கே வைக்க முடியாது, நாம் செய்யப்போகும் முக்கியமான வேலையே ஒரு லிங்க்தான். அதனால் எக்ஸ்ஃபேட் வேண்டாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்தை விண்டோஸ் சொந்தமாகப் படிக்காது.

பிடிஆர்எஃப்எஸ் வடிவத்தை வைத்து, விண்டோஸ் பக்கம் வின்பிடிஆர்எஃப்எஸ் என்ற இலவச டிரைவரைப் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்கிறது, லினக்ஸ் பக்கம் என்டிஎஃப்எஸ்ஸை விடச் சுகமாகவும் இருக்கிறது. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் தராத ஒரு ஃபைல் சிஸ்டம் டிரைவரை விண்டோஸுக்குள் வைக்க வேண்டும், ஏதாவது ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நாளில் பெரும்பகுதி லினக்ஸில் இருந்துகொண்டு எப்போதாவது மட்டும் விண்டோஸுக்குப் போகிறவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு என்டிஎஃப்எஸ்தான் என் பரிந்துரை.

விண்டோஸ் இருக்கும் சி டிரைவையே பொதுவாக வைக்காதீர்கள். தனி எஸ்எஸ்டி இருந்தால் மிக நல்லது, இல்லையென்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி, கிடைக்கும் இடத்தில் புது பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி கேம்ஸ் என்று பெயர் வையுங்கள். பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்வதை விண்டோஸிலிருந்தே செய்யுங்கள். இன்னொன்று, கேம் தவிர வேறு எதையும் அதில் வைக்காதீர்கள். கல்யாண ஆல்பம், ஆபீஸ் கோப்பு எதுவும் அங்கே வேண்டாம். கேம் கெட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், போட்டோவை இறக்க முடியாது.

விண்டோஸ் பக்கம் அணைக்க வேண்டியவை

முதல் வேலை ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காக கெர்னலின், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியின், நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது, அதாவது பாதி ஹைபர்னேட். அந்த நிலையில் டிரைவ்களை விண்டோஸ் இன்னும் கையில் பிடித்திருப்பதாகத்தான் கணக்கு. இப்போது லினக்ஸில் போய் அதே டிரைவில் எழுதினால் அடுத்த முறை விண்டோஸ் எழும்போது அதன் நினைவில் இருக்கும் டிஸ்க்கும் உண்மையான டிஸ்க்கும் ஒத்துப்போகாது. இந்த ஆபத்துக்குப் பயந்துதான் லினக்ஸ் அந்த டிரைவை ரீட் ஒன்லியாகத் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். ஸ்டீமில் டிஸ்க் ரைட் எரர் என்று வருவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

கன்ட்ரோல் பேனலுக்குப் போய் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பைச் சொடுக்குங்கள். மேலே, இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்று சொல்லும் வரி இருக்கும், அதைத் தொட்டால்தான் கீழே உள்ள டிக்குகள் உயிர்பெறும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். ஹைபர்னேட்டும் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸில் பெரிய அப்டேட் ஏதாவது வந்து போன பிறகு இந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அடுத்தது என்க்ரிப்ஷன், அதாவது டிரைவைப் பூட்டி வைப்பது. விண்டோஸ் 11 இப்போது புதிதாக நிறுவும்போதே பல கம்ப்யூட்டர்களில் டிவைஸ் என்க்ரிப்ஷனைத் தானாகவே போட்டுவிடுகிறது. பிட்லாக்கர் பூட்டிய டிரைவை லினக்ஸில் திறக்க வழி இருக்கிறது, ஆனால் கேம் டிரைவுக்கு அந்தச் சுற்று தேவையே இல்லை. செட்டிங்ஸில் பார்த்து கேம்ஸ் டிரைவுக்கு மட்டும் பிட்லாக்கரை அணைத்துவிடுங்கள், சி டிரைவ் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். இதே சமயத்தில் உங்கள் பிட்லாக்கர் ரெக்கவரி கீயை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டூயல் பூட்டுக்காக, அதாவது இரண்டு ஓஎஸ்ஸும் வைப்பதற்காக, பயாஸில் எதையாவது மாற்றினால் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம்.

இடம் மிச்சப்படுத்த கேம் ஃபோல்டர்களைக் கம்ப்ரெஸ் செய்து வைக்கும் கருவிகள் சில உண்டு. பொது டிரைவில் அவற்றைத் தொடாதீர்கள், அந்தக் கம்ப்ரெஷன் வகைகளில் சிலவற்றை லினக்ஸ் டிரைவர் படிக்கும், சிலவற்றைப் படிக்காது.

இதெல்லாம் முடிந்ததும் விண்டோஸ் ஸ்டீமில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் கேம்ஸ் டிரைவைச் சேருங்கள். ஸ்டீம்லைப்ரரி என்ற ஃபோல்டரும் அதற்குள் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டரும் உருவாகும். ஏற்கெனவே சி டிரைவில் இருக்கும் கேம்களை அதே ஸ்டோரேஜ் பக்கத்திலிருந்து புது டிரைவுக்கு மூவ் செய்யலாம். சோதனைக்கு முதலில் ஒரே ஒரு சின்ன கேமை மட்டும் அங்கே வையுங்கள், எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பெரியவற்றை நகர்த்தலாம்.

லினக்ஸ் பக்கம்: டிரைவ் தானாக மவுன்ட் ஆக வேண்டும்

ஃபைல் மேனேஜரில் டிரைவைச் சொடுக்கித் திறந்தால் தெரிகிறது, ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டும்தான். அடுத்த முறை பூட் செய்து நேராக ஸ்டீமைத் திறந்தால் டிரைவ் மவுன்ட் ஆகியிருக்காது, அதாவது லினக்ஸோடு இணைந்திருக்காது, ஸ்டீமுக்கு எல்லா கேமும் அன்இன்ஸ்டால் ஆனது போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் இன்ஸ்டால் பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஸ்டீமை மூடி, டிரைவை மவுன்ட் செய்து, மறுபடி திறந்தால் எல்லாம் திரும்பி வரும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பூட் ஆகும்போது எந்த டிரைவ்களை மவுன்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிரைவை நிரந்தரமாகச் சேர்த்துவிட வேண்டும்.

கோப்பைக் கையால் திருத்தப் பயமாக இருந்தால் க்னோமின் டிஸ்க்ஸ் என்ற செயலி இருக்கிறது, உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாவற்றிலும் கிடைக்கும். அதில் உங்கள் கேம்ஸ் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பற்சக்கரப் படத்தை அழுத்தி, எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ் திறங்கள். யூசர் செஷன் டீஃபால்ட்ஸ் என்ற பொத்தானை அணைத்தால்தான் மற்றவை திறக்கும். அடையாளம் காட்டும் வழியாக டிரைவுக்கே உரிய எண்ணான யூயூஐடியைத் தேர்ந்தெடுங்கள், டிரைவின் வரிசை மாறினாலும் அது மாறாது. மவுன்ட் பாயின்ட்டாக எம்என்டி ஃபோல்டருக்குள் கேம்ஸ் என்று கொடுங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம்.

ஃபைல் சிஸ்டம் வகை என்ற இடத்தில் இரண்டு தேர்வு உண்டு. பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி கெர்னலுக்கு வெளியே ஓடுவது, பல வருடம் அடிபட்டுத் தேறியது, ஆனால் வேகம் குறைவு, ப்ராசஸரையும் கொஞ்சம் தின்னும். புதிய என்டிஎஃப்எஸ்3 பாராகான் நிறுவனம் கொடுத்து, 2021-இல் வந்த லினக்ஸ் 5.15 கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது, வேகம் நன்றாக இருக்கும். திறந்த உலக கேம்கள் ஓடிக்கொண்டே டிஸ்க்கிலிருந்து எடுக்கும், அங்கே இந்த வித்தியாசம் தெரியும். டிரைவில் கேம் தவிர எதுவும் இல்லை என்ற நிபந்தனையோடு நான் என்டிஎஃப்எஸ்3 பக்கம்தான். வேறு கோப்புகளும் அங்கேதான் இருக்கும் என்பவர்கள் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மவுன்ட் ஆப்ஷன்ஸ் வரியில் சேர்க்க வேண்டியவை இவை. யூஐடி, ஜிஐடி (uid, gid) இரண்டுக்கும் 1000 என்ற மதிப்பு. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) முதலில் உருவாக்கிய பயனருக்கு அந்த எண்தான், சந்தேகம் இருந்தால் டெர்மினலில் ஐடி என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். இது இல்லையென்றால் டிரைவ் ரூட் என்ற நிர்வாகிக்குச் சொந்தமாகிவிடும், ஸ்டீமால் எழுத முடியாது. எக்ஸெக் என்பது கேம் கோப்புகளை ஓட்ட அனுமதி. இணையத்தில் கிடைக்கும் வரிகளில் யூசர் என்ற ஆப்ஷனும் இருந்தால் எக்ஸெக் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும், ஏனென்றால் யூசர் தானாகவே ஓட்டும் அனுமதியைப் பறித்துவிடும். நோஃபெயில் கட்டாயம் சேருங்கள், இது இருந்தால் என்றைக்காவது டிரைவ் மவுன்ட் ஆகாவிட்டாலும் லினக்ஸ் பூட் ஆகிவிடும், இல்லாவிட்டால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் காற்புள்ளி மட்டும், இடைவெளி கூடாது.

கடைசியாக விண்டோஸ்_நேம்ஸ் என்ற ஆப்ஷன், நடுவில் அடிக்கோட்டோடு. விண்டோஸ் ஏற்காத பெயரில் எந்தக் கோப்பும் உருவாகாமல் இது தடுக்கிறது. பழைய என்டிஎஃப்எஸ்-3ஜியில் இது எப்போதோ வந்துவிட்டது, என்டிஎஃப்எஸ்3-இல் 6.2 கெர்னலிலிருந்து இருக்கிறது. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் விட்டுவிடுங்கள்.

கையால் எழுதும்போது ஃபோர்ஸ் என்ற ஆப்ஷனை யாராவது சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். டிரைவ் சுத்தமாக மூடப்படவில்லை என்று லினக்ஸ் மறுக்கும்போது அதை மீறித் திறக்க வைக்கிற ஆப்ஷன் அது. அந்த மறுப்பு உங்கள் நன்மைக்குத்தான்.

சேமித்து, ரீஸ்டார்ட் செய்து, டிரைவ் தானாக வந்திருக்கிறதா, அதில் ஒரு வெறும் ஃபோல்டரை உருவாக்கி அழிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

ப்ரிஃபிக்ஸை லினக்ஸ் பக்கம் வைப்பது

இதுதான் முழு விஷயத்தின் உயிர், நிதானமாகச் செய்யுங்கள். லினக்ஸ் ஸ்டீமில் கேமை முதல் முறை ஓட்டும்போது அந்த லைப்ரரியின் ஸ்டீம்ஆப்ஸுக்குள் காம்ப்பட்டேட்டா (compatdata) என்ற ஃபோல்டர் உருவாகி, அதற்குள் கேமின் எண் பெயராக உள்ள ஃபோல்டர், அதற்குள் பிஎஃப்எக்ஸ் என்று ப்ரிஃபிக்ஸ். பிஎஃப்எக்ஸுக்குள் டாஸ்டிவைசஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் சி என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி, இசட் எழுத்தோடு முக்காற்புள்ளி என்ற பெயரில் இரண்டு லிங்க் இருக்கும். லினக்ஸுக்கு அது சாதாரணப் பெயர். விண்டோஸில் முக்காற்புள்ளி டிரைவ் எழுத்தைக் குறிக்கும் குறி, கோப்புப் பெயரில் வரவே கூடாது. அப்படிப்பட்ட பெயர்களை என்டிஎஃப்எஸ் டிரைவில் பார்க்கும்போது விண்டோஸ் அந்த டிரைவில் பிழை இருக்கிறது என்று முடிவு செய்யும், டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லும், செக்டிஸ்க் தன் அறிவுக்கு எட்டியபடி சரிசெய்யப்போய் நல்ல கோப்புகளும் சேர்ந்து காணாமல் போகலாம்.

ஆகவே காம்ப்பட்டேட்டாவை லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்துவிட்டு, பொது டிரைவில் அதற்கு ஒரு சிம்பாலிக் லிங்க் மட்டும் வைக்கிறோம். ப்ரோட்டானின் விக்கியில் என்டிஎஃப்எஸ் டிரைவுக்குச் சொல்லியிருக்கும் முறையும் இதுதான்.

லினக்ஸில் ஸ்டீமை முழுதாக மூடுங்கள். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் எச் அழுத்தி மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி, புள்ளியில் தொடங்கும் ஸ்டீம் ஃபோல்டர், அதற்குள் ஸ்டீம், அதற்குள் ஸ்டீம்ஆப்ஸ் என்று போனால் லினக்ஸின் சொந்த லைப்ரரி வரும். அங்கே காம்ப்பட்டேட்டா ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சின்ன எழுத்தில் அதே பெயரில் உருவாக்குங்கள். இப்போது பொது டிரைவின் ஸ்டீம்ஆப்ஸைத் திறங்கள். அங்கேயும் காம்ப்பட்டேட்டா ஏற்கெனவே இருந்தால், அதாவது இந்த லிங்க் இல்லாமலேயே முன்பு விளையாடியிருந்தால், அதை அழிக்காதீர்கள், அதற்குள்தான் உங்கள் சேவ் ஃபைல்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் எண் பெயர் ஃபோல்டர்களை லினக்ஸ் பக்கத்து காம்ப்பட்டேட்டாவுக்குள் நகர்த்துங்கள், அப்புறம் காலியான ஃபோல்டரை நீக்குங்கள். இதையெல்லாம் லினக்ஸிலிருந்துதான் செய்ய வேண்டும், விண்டோஸால் அந்த முக்காற்புள்ளிப் பெயர்களைக் கையாள முடியாது.

அடுத்து லிங்க். கேடிஇயின் டால்ஃபினில் இரண்டு ஜன்னல்களை அருகருகே திறந்து, லினக்ஸ் பக்கத்து காம்ப்பட்டேட்டாவை இழுத்து பொது டிரைவின் ஸ்டீம்ஆப்ஸில் விட்டால் மெனு வரும், அதில் இங்கே லிங்க் செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினல் பழகியவர்களுக்கு எல்என் கட்டளை, எஸ் ஆப்ஷனோடு, முதலில் லினக்ஸ் பக்கத்து காம்ப்பட்டேட்டாவின் முழுப் பாதை, பிறகு பொது டிரைவின் ஸ்டீம்ஆப்ஸ் பாதை. வரிசை மாறினால் தலைகீழாகிவிடும். முடிந்ததும் பொது டிரைவில் உள்ள காம்ப்பட்டேட்டாவைத் திறந்து உள்ளே ஏதாவது ஒரு வெற்றுக் கோப்பை வைத்துப் பாருங்கள், அது லினக்ஸ் பக்கத்திலும் தெரிய வேண்டும்.

விண்டோஸில் போய்ப் பார்த்தால் இந்த லிங்க் திறக்காத ஏதோ ஒன்றாகத் தெரியும். கண்டுகொள்ளாதீர்கள், அழிக்கவும் அழிக்காதீர்கள். விண்டோஸ் ஸ்டீமுக்கு காம்ப்பட்டேட்டாவே தேவையில்லை. மேலே சொன்ன விண்டோஸ்_நேம்ஸ் ஆப்ஷனின் பலன் இங்கேதான் வருகிறது: என்றைக்காவது லிங்க் அழிந்துபோய் ப்ரோட்டான் நேராகப் பொது டிரைவில் ப்ரிஃபிக்ஸ் உருவாக்கப் போனால், முக்காற்புள்ளிப் பெயர் வைக்க முடியாமல் கேம் தொடங்கும்போதே நின்றுவிடும். டிரைவ் சத்தமில்லாமல் கெடுவதை விட இது எவ்வளவோ மேல்.

கிராஃபிக்ஸுக்கான ஷேடர்களைச் சேமிக்கும் ஷேடர்கேஷ் என்ற ஃபோல்டரையும் விரும்பினால் இதே மாதிரி லிங்க் செய்யலாம். அது கட்டாயம் இல்லை.

லினக்ஸ் ஸ்டீமில் சேர்ப்பதற்கு முன்னால்

சில கேம்களுக்கு லினக்ஸுக்கென்றே நேட்டிவ் பதிப்பு உண்டு. ஸ்டார்டியூ வேலி, டெர்ரேரியா, ஹாலோ நைட் எல்லாம் அப்படித்தான். பொது லைப்ரரியில் இவைதான் பெரிய தலைவலி. லினக்ஸ் ஸ்டீம் அந்த ஃபோல்டரைப் பார்த்ததும், இது விண்டோஸ் பதிப்பு, நமக்கு வேண்டியது லினக்ஸ் பதிப்பு என்று முடிவு செய்து அப்டேட் என்ற பெயரில் கோப்புகளை மாற்றிவிடும். திரும்ப விண்டோஸுக்குப் போனால் அங்கே உள்ள ஸ்டீம் அதையே எதிர்த்திசையில் செய்யும். ஒவ்வொரு முறை ஓஎஸ் மாறும்போதும் இந்த இழுபறி நடக்கும், டேட்டா கரையும்.

தீர்வு எளிது: அந்த கேம்களையும் லினக்ஸில் ப்ரோட்டான் வழியாகவே ஓட்டச் சொல்லிவிடுங்கள். லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, அங்கே குறிப்பிட்ட ஒரு கருவியைக் கட்டாயப்படுத்தும் டிக் ஒன்று இருக்கும், அதைப் போட்டு ஒரு ப்ரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் லினக்ஸ் ஸ்டீமும் விண்டோஸ் கோப்புகளையே கேட்கும். கேம் இன்ஸ்டால் ஆகாத நிலையிலும் இந்த அமைப்பைப் போடலாம், அதனால் பொது டிரைவைச் சேர்ப்பதற்கு முன்பே உங்களிடம் உள்ள நேட்டிவ் கேம்களுக்கெல்லாம் இதை முடித்துவிடுங்கள். பொதுவான செட்டிங்ஸில் எல்லா கேமுக்கும் ப்ரோட்டான் என்று ஒரு அமைப்பு உண்டு, ஆனால் அது லினக்ஸ் பதிப்பு இல்லாத கேம்களுக்குத்தான் பொருந்தும். நேட்டிவ் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற வால்வின் ஆன்லைன் கேம்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றை லினக்ஸில் நேட்டிவாக ஓட்டுவதுதான் சரி, எனவே லினக்ஸ் பார்ட்டிஷனில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டீமில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், டிரைவ் சேர்ப்பதற்கான தேர்வு, அங்கே எம்என்டிக்குள் உள்ள கேம்ஸ், அதற்குள் ஸ்டீம்லைப்ரரி ஃபோல்டரைக் காட்டுங்கள். ஸ்டீம்ஆப்ஸை உள்ளடக்கிய ஃபோல்டரைக் காட்ட வேண்டும், ஸ்டீம்ஆப்ஸையே காட்டக் கூடாது. சில நொடிகளில் விண்டோஸில் இறக்கிய கேம்கள் இன்ஸ்டால் ஆனவையாக வந்துவிடும். ஆனால் டீஃபால்ட் லைப்ரரியாக லினக்ஸின் சொந்த லைப்ரரியே இருக்கட்டும். ப்ரோட்டானும் ஸ்டீம் லினக்ஸ் ரன்டைமும் கூட ஸ்டீமில் கேம் மாதிரி ஒரு லைப்ரரிக்குள் இறங்குபவைதான், அவை என்டிஎஃப்எஸ்ஸில் போய் உட்கார்ந்தால் கேம் ஏன் ஓடவில்லை என்று தேடிக் களைத்துப்போவீர்கள்.

முதல் முறை கேம் தொடங்கும்போது ப்ரிஃபிக்ஸ் உருவாக்கம், விஷுவல் சி++ நிறுவல், வல்கன் ஷேடர் தயாரிப்பு என்று கொஞ்ச நேரம் எடுக்கும். அடுத்த முறையிலிருந்து இவ்வளவு இருக்காது.

ஸ்டீமை ஃப்ளாட்பேக்காக, அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கும் தொகுப்பாக, நிறுவியிருந்தால் அதற்கு வெளி டிரைவ்கள் தெரியாது. ஃப்ளாட்சீல் என்ற செயலியில் ஸ்டீமுக்கு எம்என்டி கேம்ஸ் பாதையை அனுமதியுங்கள், காம்ப்பட்டேட்டா லிங்க்கும் ஃப்ளாட்பேக் ஸ்டீமின் சொந்த ஃபோல்டரைச் சுட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது போகும் இடம் ஸ்டீமுக்குத் தெரியாது.

சேவ் ஃபைலும் கடிகாரமும்

கேம் கோப்புகள் பொதுவாகிவிட்டன, சேவ் ஃபைல்கள் பொதுவாகவில்லை. ஸ்டீம் கிளவுட் உள்ள கேம் என்றால் கவலை இல்லை, விண்டோஸில் விளையாடி மூடியதும் மேலே ஏறி, லினக்ஸில் திறக்கும்போது இறங்கிவிடும். ஆனால் கேமை மூடிய உடனே கம்ப்யூட்டரை அணைக்காமல், லைப்ரரியில் கிளவுட் ஒத்திசைவு முடிந்ததா என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.

கிளவுட் இல்லாத கேமுக்குக் கையால்தான் எடுக்க வேண்டும், எங்கே என்று தெரிந்தால் கஷ்டமில்லை. பாதை எப்படி அமையும் என்பதற்கு மட்டும் எல்டன் ரிங்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதன் சேவ் விண்டோஸில் உங்கள் யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டா, ரோமிங், எல்டன்ரிங் என்ற இடத்தில் இருக்கிறது. கேமின் எண் 1245620. லினக்ஸில் காம்ப்பட்டேட்டா, 1245620, பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், அதற்குப் பிறகு அதே ஆப்டேட்டா, ரோமிங், எல்டன்ரிங். ஸ்டீம்யூசர் வரை வந்துவிட்டால் மற்றது விண்டோஸில் உள்ள அதே அமைப்புதான். யூசர் ஃபோல்டரில் சேவ் வைக்கிற மற்ற கேம்களுக்கும் இதே கணக்கு, எண்ணும் கடைசி ஃபோல்டர்களும் மாறும், எண் அந்த கேமின் ஸ்டோர் பக்க முகவரியிலேயே இருக்கும். நிறைய கேம்களுக்கு இதைச் செய்ய வேண்டுமென்றால் லூடுசாவி என்ற இலவசக் கருவி இரண்டு ஓஎஸ்ஸிலும் ஓடுகிறது, சேவ்களைக் கண்டுபிடித்து பேக்கப் எடுத்துக் கொடுக்கும்.

கிளவுட் சேவில் குழப்பம் வருகிறதென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமான யூடிசியாக எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஓஎஸ் மாறும்போது நேரம் சரியாக 5:30 மணி தள்ளி நிற்பது இதனால்தான். எந்த சேவ் புதியது என்பதில் ஸ்டீம் தடுமாற இது போதும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். கொடுக்கும்போது லினக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும், கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில்தான் அது பெரிதாகக் கடிக்கும், நம் ஊரில் அந்த மாற்றமே கிடையாது. கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம்சோன்இன்ஃபர்மேஷன் பகுதியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற மதிப்பை 1 ஆக வைத்து, விண்டோஸை யூடிசிக்கு மாற்றிவிடுங்கள்.

எவற்றைப் பொதுவில் வைக்க வேண்டாம்

வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது, ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் ஆன்டி-சீட் விடாது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் முன்பு ஓடியது, 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸை அடைத்துவிட்டார்கள். ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லிருந்து ப்ரோட்டானை ஆதரிக்கின்றன என்றாலும், கேம் நிறுவனம் தானாக முன்வந்து அதை இயக்கினால்தான் உண்டு. ஆன்லைன் கேம் எதையும் வாங்குவதற்கு முன் ப்ரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள். லினக்ஸில் ஓடாதது பொது டிரைவில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எக்ஸ்பாக்ஸ் செயலி வழியாக வரும் கேம் பாஸ் கேம்களும் அப்படித்தான், அவற்றை லினக்ஸிலிருந்து ஓட்ட முடியாது. எபிக், ஜிஓஜி கேம்களுக்கு லினக்ஸில் ஹீரோயிக் என்ற லாஞ்சர் இருக்கிறது, ஏற்கெனவே இறக்கிய ஃபோல்டரைக் காட்டி இம்போர்ட் செய்யலாம், அதன் ப்ரிஃபிக்ஸும் ஹோம் ஃபோல்டரிலேயே உருவாகும் என்பதால் மேலே பார்த்த லிங்க் வேலை அங்கே தேவைப்படாது.

தினசரிப் பழக்கத்தில்

ஒரு ஓஎஸ்ஸில் தொடங்கிய டவுன்லோடை அதிலேயே முடியுங்கள், பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததில் தொடராதீர்கள். முழுதாக முடிந்த அப்டேட் என்றால் மறுபக்க ஸ்டீமும் அதைத் தானாகவே அறிந்துகொள்ளும், ஏனென்றால் எந்தக் கேம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற கணக்கு ஸ்டீம்ஆப்ஸுக்குள் ஏசிஎஃப் கோப்புகளில்தான் இருக்கிறது, அதுவும் பொதுதான். மாட், அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்புகள், போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லினக்ஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்தை வேறுபடுத்தும், அதனால் டேட்டா என்ற ஃபோல்டர் பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் உருவாகிவிடலாம், விண்டோஸ் அப்புறம் எதைத் திறப்பது என்று குழம்பும். மாட்களை விண்டோஸிலிருந்தே நிறுவுங்கள்.

என்றைக்காவது லினக்ஸில் டிரைவ் ரீட் ஒன்லியாக வந்தால் விண்டோஸுக்குப் போய், டிரைவின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் கொடுங்கள். முடிந்ததும் ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட்டில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்வதில்லை, டிரைவ் சுத்தமாக மூடப்படும். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கட்டளை இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்யுமே தவிர செக்டிஸ்க் செய்யும் முழுப் பழுதுபார்ப்பை அது செய்யாது.

கேமை விண்டோஸ் பக்கமிருந்து அன்இன்ஸ்டால் செய்தால் கேம் கோப்புகள்தான் போகும், லினக்ஸ் பக்கத்து காம்ப்பட்டேட்டாவில் அதன் ப்ரிஃபிக்ஸ் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி வரை பிடிக்கும் என்பதால் அவ்வப்போது அந்த ஃபோல்டரைத் திறந்து, இனி விளையாடப் போவதில்லை என்று உறுதியான கேம்களின் எண்களைப் பார்த்து, உள்ளே சேவ் ஏதாவது இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, அழித்துவிடுங்கள்.